பொய்யிரை

ஞாயிறு விடியுமுன் முத்தோரை பாலாடா தாண்டிவிட்டோம்.
போஜனின் கேரட் வண்டி, முன்சீட்டில்
எங்கள் இருவருக்கும் நடுவே ஒரு வாளி.
வளைவுக்கு வளைவு தளும்பி
என் முழங்காலை நனைக்கிறது.
உள்ளே ஒன்பது கெண்டைக் குஞ்சுகள்.
வழியில் இரண்டு முறை வண்டியை நிறுத்தி
தண்ணீர் மாற்றினேன்.
"பிள்ளையைக்கூட இப்படி யாரும் பார்த்துக்க மாட்டாங்க"
என்றான்.

எமரால்டு அணையில் காற்று இல்லை.
கரையெங்கும் சீகைப் பூவின் மஞ்சள் தூள்.

முதல் கோல் உயிருக்கு.
தடித்த தங்கூசி, சிவப்புத் தக்கை,
அதற்கு ஒன்றரை முழம் கீழே ஈயக் குண்டு.
வெட்டை மூடப் பல்லால் கடித்தேன்
(எதையும் கடிக்காதீர்கள் என்று
வாரம் ஆறு நாளும் சொல்கிறவன்).
கையை நனைத்துக்கொண்டுதான் குஞ்சைத் தொட வேண்டும்,
காய்ந்த கை அதற்குத் தீ.
முள் முதுகுத் துடுப்புக்குப் பின்னால்,
தோலோடு நிற்க வேண்டும்.
கொஞ்சம் ஆழம் போனால் வெறும் கறி,
கொஞ்சம் மேலே போனால்
முதல் வீச்சிலேயே விடுதலை.
கவட்டைக் குச்சியில் கோலைச் சாய்த்து
ரீலைத் தளர்த்திவிட்டேன்.
இனி எனக்கு வேலை இல்லை,
அது நீந்தும்.

இரண்டாம் கோலுக்கு மெல்லிய தங்கூசி.
ஈயம் கிடையாது, தக்கை கிடையாது,
முறுக்கு ஏறாமலிருக்க ஒரு ஸ்விவல்.
ஐந்து சுற்று, எச்சில் தடவி ஓர் இழுப்பு.
நுனியில் நான் செய்த மீன்:
கைப்பிடி அறுத்த டீ ஸ்பூன்,
வயிற்றில் மிஞ்சிப்போன ஈறு ரோஸ்.
ஊட்டி கமர்ஷியல் ரோட்டு மாடியில்
பல் செட்டுக்கு மெருகு போடும் அதே சக்கரத்தில்
இதற்கும் மெருகு போட்டேன்.

முதலில் செய்தது குறையே இல்லாமல் இருந்தது.
ஒரு மீனும் திரும்பிப் பார்க்கவில்லை.

கேத்தியிலிருந்து ராக்கேலம்மாள் வந்தார்,
மெழுகைக் கடித்துப் பார்த்து, கண்ணாடியைப் பார்த்து,
"முன்னாடி ஒரு சந்து இருக்குமே, அது எங்கே?
அது இல்லாட்டி வேற யாரோ சிரிக்கிறாங்க" என்றார்.
அரத்தால் ராவிச் சந்து வைத்துக் கொடுத்தேன்.
அன்று சாயங்காலம்
ஸ்பூனைச் சுத்தியால் ஓரிடத்தில் நசுக்கினேன்.

இப்போது அது நொண்டுகிறது.
மூன்று சுற்று, ஒரு நிறுத்தம், ஒரு வெட்டு,
மணிக்கட்டு ஓய்ந்தால் அது வெறும் தகரம்.
போஜன் டப்பாவில் மண்புழுவோடு உட்கார்ந்து
"மீனுக்கும் பல் செட்டா?" என்கிறான்
அரை மணிக்கு ஒரு தரம்.

பதினோரு மணிக்கு மஞ்சு இறங்கியது.
தக்கை போயிற்று, எதிர்க்கரை போயிற்று,
போஜனுக்கு இருமல் மட்டும் மிச்சம்.
குத்துமதிப்பாக வீசினேன்.
கனத்தது.
வலையோடு ஓடிவந்தான்,
"விடாதே, தளர்த்து, விடாதே!"
கோல் வளைய வளைய இழுத்தேன்.
வந்தது சிவப்புத் தக்கை.
பிறகு என் பல்தடம் பதிந்த ஈயம்.
அதன்கீழ், வாயைத் திறந்து திறந்து மூடிக்கொண்டு,
காலையில் நானே கோத்த குஞ்சு.

போஜன் சிரித்துச் சிரித்து
ஈரப் புல்லிலேயே உட்கார்ந்துவிட்டான்.

இருபது நிமிடம் சிக்கெடுத்தேன்,
கடைசியில் வெட்டினேன்.
குஞ்சு வாளிக்குப் போயிற்று,
மற்ற எட்டும் விலகி இடம் விட்டன.
வேறொன்றை எடுத்துக் கோத்து
புது ஈயத்தைக் கடித்தேன்.
"பல்லு போயிடும்" என்றான்.
"போகட்டும், முன்பல் நாலும் நான் கட்டினதுதான்."
சிரிப்பை நிறுத்திவிட்டு
என் வாயையே பார்த்தான்.
பதினாறு வருஷப் பழக்கம்.

மஞ்சு விலகவில்லை.
இரண்டு கோலையும் வீசி
இரண்டு விரலில் இரண்டு தங்கூசி.
வலது விரலில் ஒன்றுமில்லை, நான் ஆட்டினால் ஒழிய.
இடது விரலில் சின்னச் சின்னதாய்த் துடிக்கிறது.
குஞ்சாக இருக்கும்.

இல்லை, இது கொஞ்சம் பெரிது.